செல்லும் காசும் செல்லாக் காசும்



தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. "அவர் நாணயமானவர்" என்று ஒருவரைப் பற்றிக் கூறும்போது, அவருடைய பையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரை நம்பலாம் என்பதையே கூறுகிறோம். காசுக்கும் நம்பிக்கைக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வளவு பொருத்தம் என்பது மேலே படிக்கப் படிக்க விளங்கும். பணம் என்றால் என்ன, அது எத்தனை வகையில் பயன்படுகிறது, எப்பொழுது அது செல்லாமற் போகிறது என்பவற்றை நம் பினாங்கு மாநிலத்தின் வரலாற்றைத் துணைக்கொண்டு இங்கே விளக்க முற்படுகிறோம்.

பணம் இல்லாத காலம்

ஆதியில் மக்கள் பண்டத்திற்குப் பண்டம் மாற்றி வாழ்ந்தனர். பழந்தமிழகத்தில் உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டிகளில் உப்பை ஏற்றிச் சென்று, ஊர் ஊராக நெல்லுக்கு மாற்றினர். இதனைப் பண்டமாற்று என்கிறோம்.

இம்முறையில் பெரும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஒருவரிடம் ஓர் ஆடு இருக்கிறது. அவருக்கு ஒரு வேட்டி தேவை. வேட்டி வைத்திருப்பவருக்கோ ஆடு வேண்டாம், அரிசிதான் வேண்டும். அரிசி வைத்திருப்பவருக்கு இவை இரண்டுமே வேண்டாம். இம்மூவரும் என்ன செய்வர்? மேலும், ஓர் ஆட்டுக்கு ஈடாக நான்கு வேட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு வேட்டி வேண்டியவர் ஆட்டின் கால் பங்கை வெட்டிக் கொடுக்க இயலுமா? இந்தச் சிக்கலைத் தீர்க்கவே எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் பொதுப்பொருள் ஒன்று தேவைப்பட்டது. அந்தப் பொதுப்பொருளே பணம்.

ஊருக்கு ஊர் அப்பொருள் மாறுபட்டது. நம் தீபகற்பத்தில் ஈயம் மிகுதி. ஆகவே, பகாங்கில் தொப்பி வடிவத்திலும், வேறு சில இடங்களில் முதலை முதலிய விலங்குகளின் வடிவத்திலும் வார்த்த ஈயம் பணமாகப் புழங்கியது. கிளந்தானில் பொற்காசு இருந்தது. அதில் பொறித்திருந்த மானின் உருவமே இன்று நம் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவின் சின்னமாக விளங்குகிறது. தமிழகத்தில் சோழர் புலியையும் பாண்டியர் மீனையும் காசில் பொறித்தனர். அரசனின் முத்திரைக்கு என்ன பொருள்? "இதன் எடைக்கும் தரத்திற்கும் நான் பொறுப்பு" என்று அரசன் கொடுக்கும் வாக்குறுதியே அது.

பணத்தின் நான்கு பணிகள்

பணம் நமக்கு நான்கு பணிகளைச் செய்கிறது. மாணவர்கள் இவற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, அது மாற்றுக் கருவி. பால்மரம் சீவுகிறவர் தம் உழைப்பைப் பணமாக மாற்றுகிறார். அப்பணத்தை அரிசியாகவும், பருப்பாகவும், பிள்ளையின் பள்ளிச் சட்டையாகவும் மாற்றிக்கொள்கிறார். துணிக்கடைக்காரருக்கு இரப்பர்ப்பால் தேவையில்லை. ஆயினும் வாணிகம் தடையின்றி நடக்கிறது.

இரண்டாவது, அது அளவுகோல். நீளத்தை மீட்டரால் அளக்கிறோம். எடையைக் கிலோவால் நிறுக்கிறோம். அவ்வாறே ஒரு பொருளின் மதிப்பைப் பணத்தால் அளக்கிறோம். ஒரு மிதிவண்டியும் ஒரு மூட்டை அரிசியும் வேறு வேறு பொருள்கள். இரண்டின் விலையையும் வெள்ளிக்கணக்கில் சொன்னவுடன் எது மதிப்பு மிக்கது என்பது புலனாகிவிடுகிறது.

மூன்றாவது, அது சேமக் கருவி. இன்று பறித்த கீரை நாளை வாடிவிடும்; இன்று பிடித்த மீன் நாளை நாறிவிடும். ஆனால் இன்று உழைத்த உழைப்பைப் பணமாக்கி வைத்தால், மகளின் திருமணத்திற்கும் முதுமைக்கும் அஃது உதவும்.

நான்காவது, அது தவணைக் கருவி. இன்று வாங்கிய பொருளுக்குப் பத்து மாதம் கழித்து எவ்வளவு தரவேண்டும் என்பதை இன்றே எழுதி வைக்கப் பணம் உதவுகிறது. கடனும் வாடகையும் காப்புறுதியும் இப்பணியைச் சார்ந்தவையே.

இந்நான்கில் முதல் இரண்டும் அன்றாடம் கண்ணுக்குத் தெரிபவை. பின்னிரண்டும் நாளையைச் சார்ந்தவை. நாளையைச் சார்ந்தது எதுவாயினும் அதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன நேரும் என்பதைப் பினாங்கு மக்கள் இருமுறை கண்டிருக்கின்றனர். அதற்கு முன், நம் பணம் வந்த வழியைச் சிறிது காண்போம்.

'வெள்ளி' என்று சொல்வது ஏன்?

நாம் 'பத்து ரிங்கிட்' என்பதைவிடப் 'பத்து வெள்ளி' என்றே பெரும்பாலும் சொல்கிறோம். இன்றைய பத்து வெள்ளி வெறும் தாள். அதில் வெள்ளி ஒரு குன்றிமணியும் இல்லை. பின் ஏன் அந்தப் பெயர்?

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்பார் பினாங்குத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய நாளில், இவ்வட்டாரத் துறைமுகங்களில் எல்லோரும் ஏற்ற பணம் ஸ்பானிய வெள்ளி டாலர். மெக்சிகோ நாட்டு வெள்ளியில் அடித்த அக்காசு பிலிப்பைன்ஸின் மணிலா வழியாக ஆசியாவெங்கும் பரவியிருந்தது. அடர்ந்த காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது, லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடிச் சென்றவர்கள் காட்டை வெட்டிச் சமன் செய்தார்கள் என்றும் பினாங்கில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், வெள்ளிக்கு இருந்த மதிப்பை அது நன்கு காட்டுகிறது.

அக்காசின் விளிம்பில் பல் பல்லாக வெட்டு இருந்தது. ஓரத்தைச் சுரண்டித் திருடுவதைத் தடுப்பதற்காக அமைந்த வெட்டு அது. பல் போன்ற விளிம்பை மலாய் மொழியில் 'ரிங்கிட்' என்பர். ஆக, மலாய்க்காரர் விளிம்பைக் கண்டு ரிங்கிட் என்றனர். தமிழர் உலோகத்தைக் கண்டு வெள்ளி என்றனர். 1975ஆம் ஆண்டில் ரிங்கிட் என்பதே நம் பணத்தின் அதிகாரப் பெயராயிற்று.

பணத்தின் பெயர்களில் பல இனத்தவரின் உறவும் கலந்திருக்கிறது. மலாயில் பணத்தைக் குறிக்கும் 'டூயிட்' என்னும் சொல் டச்சுக்காரரின் செப்புக் காசின் பெயர். பினாங்கு, கெடா மக்கள் பத்துக் காசைக் 'கூப்பாங்' என்கின்றனர். நம் 'காசு' என்னும் சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக மேற்கே சென்று, சீனரின் துளையிட்ட காசுக்கு ஆங்கிலேயர் வழங்கிய 'கேஷ்' என்னும் பெயராயிற்று.

பினாங்கும் சிங்கப்பூரும் மலாக்காவும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பெயரில் இந்தியாவிலிருந்து ஆளப்பட்ட காலத்தில், அரசாங்கக் கணக்கு ரூபாயில் எழுதப்பட்டது. சந்தையிலோ வெள்ளி டாலரே புழங்கியது. மீன்காரரும் மிளகு வணிகரும் ரூபாய்க்கு மாறவில்லை. 1867ஆம் ஆண்டில் இப்பகுதி இலண்டனின் நேரடி ஆட்சிக்குச் சென்றபோது, டாலரே சட்டப்படியான பணமாயிற்று. எந்தப் பணம் செல்லும் என்பதைத் தீர்மானிப்பதில் அரசின் ஆணைக்கு உள்ள பங்கு மக்களின் நம்பிக்கைக்கும் உண்டு என்பதற்கு இஃதொரு சான்று.

தாள் பணமானது

வெள்ளியைச் சுமப்பது கடினம். ஆகவே 1899ஆம் ஆண்டுமுதல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் தாள் நோட்டுகளை வெளியிட்டது. 1906ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மதிப்பை நிலைப்படுத்தினர். அஃதாவது 60 டாலர் கொடுத்தால் ஏழு பிரிட்டிஷ் பவுன் கிடைக்கும். இக்கணக்கை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்க, பின்னர் தேவைப்படும்.

வெள்ளிக் காசுக்குத் தன் உலோகத்தின் மதிப்பு இருந்தது. தாளுக்கு அத்தகைய மதிப்பு ஏதும் இல்லை. "இத்தாளுக்கு ஈடான செல்வம் எம்மிடம் இருக்கிறது, இதை எல்லோரும் ஏற்பர்" என்னும் உறுதிமொழியே அதன் மதிப்பு. உறுதிமொழி கொடுத்தவர் நாணயமானவராயின் தாள் செல்லும். இல்லையேல் அது வெறுங் காகிதம்.

வாழைமர நோட்டு

"அரசாங்கம் நிறைய நோட்டுகளை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தால் ஏழைகளே இருக்கமாட்டார்களே?" என்று மாணவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இதற்கு விடை 1941ஆம் ஆண்டிற்கும் 1945ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் இருக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைக் கைப்பற்றியது. ஆட்சியைப் பிடித்தவர்கள் தங்கள் நோட்டுகளை வெளியிட்டனர். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் மக்கள் அப்பணத்தை வாழைமர நோட்டு என்றனர். தொடக்கத்தில் நோட்டுகளுக்கு வரிசை எண் இருந்தது. பின்னர் எண்கூட இல்லாமல் அச்சிட்டுத் தள்ளினர். நோட்டு பெருகியது, ஆனால் அரிசி பெருகவில்லை. நூறு பேரிடம் பணம் இரண்டு மடங்கானாலும் கடையில் அதே பத்து மூட்டை அரிசிதான் இருக்குமாயின், விலைதான் இரண்டு மடங்காகும், வயிறு நிறையாது. இதுவே பணவீக்கம். மக்கள் அரிசியை விட்டு மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தனர். சிறு பொருளுக்கும் கட்டுக் கட்டாக நோட்டுக் கொடுக்கும் நிலை வந்தது.

1945ஆம் ஆண்டில் ஜப்பான் சரணடைந்தது. திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அந்நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. போருக்கு முந்திய மலாயா டாலரை ஒளித்து வைத்திருந்தவர்களின் பணம் பிழைத்தது. வாழைமர நோட்டைச் சேர்த்து வைத்தவர்களின் பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. இன்றும் சில இல்லங்களில் பழைய பெட்டியின் அடியில் அந்நோட்டு கிடக்கும். பிள்ளைகள் அதனை விளையாட்டுப் பொருளாக எண்ணாமல், பாட்டன் பாட்டியின் வியர்வை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1967: எண்பத்தைந்து காசு

இரண்டாவது நிகழ்ச்சி நாடு விடுதலை பெற்ற பின்னர் நடந்தது. 1959ஆம் ஆண்டில் நம் மத்திய வங்கி தோன்றியது. 1967 ஜூன் 12ஆம் நாள் அது தன் சொந்த நோட்டுகளை வெளியிட்டது. நம் நாட்டின் முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் உருவம் அவற்றில் இடம்பெற்றது. இன்றைய நோட்டுகளிலும் அவர் உருவமே இருக்கிறது. இவர் வேறு, முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வேறு என்பதை மாணவர்கள் அறிந்துகொள்க. பழைய நோட்டும் புதிய நோட்டும் ஒன்றுக்கு ஒன்று சமமாக ஒரே சந்தையில் புழங்கின.

அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை ஏழில் ஒரு பங்கு குறைத்தது. பழைய டாலரோ பவுனோடு கட்டப்பட்டிருந்தது. அறுபது டாலருக்கு ஏழு பவுன் என்ற கணக்கு நினைவிருக்கிறதல்லவா? அந்த ஏழு பவுனே மெலிந்துபோனதால் பழைய டாலரும் உடன் மெலிந்தது. புதிய மலேசிய டாலரின் மதிப்பு மாறவில்லை. இதன் விளைவாகப் பழைய ஒரு வெள்ளி, புதிய பணத்தில் எண்பத்தைந்து காசாயிற்று. 300 பழைய வெள்ளியைப் பெட்டியில் வைத்திருந்த ஒரு குடும்பம், கடையில் ஒரு பொருளும் வாங்காமலேயே 45 வெள்ளியை இழந்தது.

இலண்டனில் எடுத்த முடிவு இங்குள்ள ஏழையின் பெட்டிக்குள் எவ்வாறு கைவிட்டது என்பது பலருக்கு விளங்கவில்லை. சினம் மூண்டது. நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் தொழிற்கட்சி கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அமைதியாக நடந்திருக்க வேண்டிய எதிர்ப்பு கலவரமாக மாறியது, ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது, உயிர்களும் பலியாயின. பதினைந்து காசு வேறுபாடு அண்டை வீட்டாரிடையே பகையை மூட்டியது. பணத்தின் மீதுள்ள நம்பிக்கை குலைந்தால் மனிதர்மீதுள்ள நம்பிக்கையும் குலையக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரே கடையில் செல்லும் காசு

செல்லும் காசு, செல்லாக் காசு என்னும் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் சொந்தமாக உலோக வில்லைகளை அடித்தன. கடலுக்கு அப்பால் சுமத்திராவின் டெலிப் பகுதித் தோட்டங்களிலும் கூலிக்கு வில்லைகள் கொடுக்கப்பட்டன. அவை தோட்டத்துக்கு உள்ளே செல்லும்; வெளியே செல்லா. தோட்டத்துக் கடையில் விலை கூடுதலென்றாலும் தொழிலாளி அங்கேதான் வாங்க வேண்டும். வேறு ஊருக்குப் போக நினைத்தாலும் பயணச் செலவுக்கு அவ்வில்லை உதவாது.

எங்கும் செல்லும் பணம் கையில் இருப்பது ஒரு வகை விடுதலை. எந்தக் கடையில் வாங்குவது, எந்த ஊரில் வாழ்வது, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அதனோடு வருகிறது. சம்பள நாளுக்கு முன்பே சம்பளம் முழுதும் கடைக்கணக்கில் தீர்ந்துவிடுமாயின், கையில் உள்ள நல்ல வெள்ளியும் ஒரே கடையில் செல்லும் வில்லை போலாகிவிடுகிறது. பெற்றோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

நாட்டுக்கு நாடு

ஒரு நாட்டின் பணம் மற்றொரு நாட்டில் நேராகச் செல்லாது. அதனை மாற்றித் தருவதும் ஒரு தொழில். ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு, பினாங்குத் தெரு வட்டாரத்தில் நாணய மாற்று வணிகர்கள் இன்றும் கடை வைத்திருக்கின்றனர். அவர்களுள் இந்திய முஸ்லிம்கள் பலர். அக்காலத்தில் பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டகமும் கணக்கேடுமாக அமர்ந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் கடன் கொடுத்தனர். அவர்களுடைய உண்டியல் என்னும் சீட்டை இங்கே பெற்றுச் சென்றால் தமிழகத்தில் பணம் பெறலாம். கடல் கடந்த இரண்டு ஊர்களை இணைத்தது ஒரு துண்டுத் தாளும் எழுதியவரின் நாணயமுமே.

நாணய மாற்று விலை நாள்தோறும் ஏறும், இறங்கும். 1997ஆம் ஆண்டில் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தபோது ரிங்கிட்டின் மதிப்பு வெகுவாகச் சரிந்தது. 1998 செப்டம்பரில் அரசாங்கம் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டுப்படுத்தியது. 2005 ஜூலையில் அக்கட்டை நீக்கியது. 500, 1000 ரிங்கிட் நோட்டுகள் 1999ஆம் ஆண்டிலேயே செல்லாதவையாயின. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவில் இந்திய அரசு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவித்தது. ஊருக்குப் போய்வந்து மீந்த ரூபாயை அடுத்த பயணத்திற்கென்று அலமாரியில் வைத்திருந்த பலர் திகைத்து நின்றனர். பணத்தைத் துணிக்கடியில் உறங்க வைப்பது பாதுகாப்பன்று என்பதற்கு இது மற்றுமொரு பாடம்.

காசு நிலமான கதை

அப்படியாயின் பணத்தை எங்கே வைப்பது? 1960ஆம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரின் சிறு சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அச்சங்கம் முதலில் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் அதன் உடைமையாயின. தனித்தனியே பெட்டியில் கிடந்திருந்தால் சில்லறையாகவே இருந்திருக்கும் காசு, ஒன்று சேர்ந்தபோது நிலமாயிற்று.

இன்று வங்கியில் வைக்கும் வைப்புத் தொகைக்கு மலேசிய வைப்புக் காப்புறுதி நிறுவனம் ஒருவருக்கு ஓர் உறுப்பு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை காப்பளிக்கிறது. 1951ஆம் ஆண்டில் தொடங்கிய ஊழியர் சேமநிதி நம் முதுமைக்காகக் காத்திருக்கிறது. சம்பளத்திலிருந்து பிடித்த தொகையை முதலாளி ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதைச் சேமநிதிக் கணக்கைப் பார்த்து அறிந்துகொள்வது ஒவ்வொரு தொழிலாளியின் கடமையுமாம்.

கண்ணுக்குத் தெரியாத பணம்

இப்பொழுது தாளும் மறைந்துவருகிறது. சம்பளம் வங்கிக் கணக்கில் எண்ணாக வருகிறது. கைப்பேசியில் கட்டத்தைக் காட்டினால் எண்ணாகவே செல்கிறது. ஒரு காசு நாணயத்தின் புழக்கம் குறைந்து, 2008 ஏப்ரல் முதல் கடைக் கணக்கை ஐந்து காசுக்கு ஒப்ப முழுமையாக்குகின்றனர். வெள்ளி தாளாயிற்று, தாள் எண்ணாயிற்று. ஆயினும் நான்கு பணிகளும் மாறவில்லை. அடியில் உள்ள நம்பிக்கையும் மாறவில்லை.

திருடர்களும் மாறவில்லை. முன்பு காசின் ஓரத்தைச் சுரண்டினர். இன்று தொலைபேசியில் அழைத்துக் கடவுச்சொல்லைச் சுரண்டுகின்றனர். வங்கியோ காவல் துறையோ தொலைபேசியில் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. யாரேனும் கேட்டால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டதென்று தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் விரைந்து வங்கிக்கோ 997 என்னும் தேசிய மோசடித் தடுப்பு எண்ணுக்கோ சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் ஐம்பது வெள்ளித் தாள் ஒன்று இருந்தால், பெற்றோரின் அனுமதியோடு அதைத் திருப்பிப் பாருங்கள். அதன் பின்புறத்தில் செம்பனை மரம் இருக்கும். நம் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களும் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்களும் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மரம் அது. அந்தத் தாளுக்கு மதிப்பைத் தருவது இந்நாட்டு மக்களின் உழைப்பே; அவ்வுழைப்பில் உங்கள் தாய்தந்தையரின் பங்கும் உண்டு. அடுத்த முறை கையில் காசு கிடைக்கும்போது, அதில் ஒரு பகுதியையேனும் சேமிப்புக் கணக்கில் இடுங்கள். கடனாக வாங்கிய பென்சிலையும் சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் நாணயமே.